முறுக்கு சுற்ற வந்த மண்

செய்தி வந்த காலையில் எங்கள் அடுக்களையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், பால் கொண்டுவந்த கீழ்வீட்டுத் தங்கமணி. நாங்கள் முன்பு இருந்த வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து போன். பொதுமராமத்துத் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்ற நம் கோமதி மாமி விடியற்காலையில் போய்விட்டார். வீட்டுக்காரர் ரிசீவரை வைத்துவிட்டு எங்களிடம் சொன்னார். தங்கமணி பால் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எங்க கிணத்தைக் காத்த ஆளாணு, மாமி" என்று மலையாளம் கலந்து என்னிடம் சொல்லி, தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாமியை அறிந்து, இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அந்தக் கிணற்றுக் கதை தெரிந்திருக்காது. சொல்லிக்கொண்டு திரிகிற சுபாவம் அவருக்கு இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் அக்ரஹாரத்தை விட்டு, பொன்முடி போகிற வழியில் ஒரு சரிவு நிலத்தில் வீடு கட்டத் தொடங்கினோம். செப்டிக் டாங்குக்கும், அதன் கழிவுநீர் மண்ணில் இறங்கவேண்டிய குழிக்கும் வாஸ்து பார்த்த ஆசாரி வடமேற்கே வாயு மூலையில் குறி போட்டிருந்தார். சாஸ்திரப்படி சரிதான். ஆனால் அதற்கு நேர் கீழே தங்கமணியின் கிணறு. அக்ரஹாரத்தில் ஒரே தெருக்காரர் என்ற உரிமையில் மாமியை வந்து பார்க்கச் சொன்னேன். மண்ணில் திருகி இறக்குகிற நீள இரும்புக் கம்பியோடு பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்.

மேலே நல்ல செம்மண். கம்பி ஆழம் போனதும் வெளுத்த மண் ஒட்டிக்கொண்டு வந்தது. மாமி அதைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, விரல்களுக்கு நடுவே திரித்தார். அறுந்துபோகாமல் நீண்டது. சிமெண்டுச் சாக்கின்மேல் சுற்றி வைத்தார். அசல் கைமுறுக்கு.

"பார்த்தேளா மாமி, முறுக்கு சுத்த வர்ற மண்ணு தண்ணி குடிக்காது" என்றார் என்னிடம்.

சொன்னதோடு விடவில்லை. அங்கே குழி எடுத்து, நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் வந்து மறுபடி ஊற்றிப் பார்த்தார். நீர் அப்படியே நின்றது. மழைக்காலத்தில் அழுக்கெல்லாம் களிமண்ணின் மேலாகவே வழிந்து கிணற்றில் சேரும் என்றார்.

வீட்டுக்காரருக்கு மனசு ஒப்பவில்லை. "ஆசாரி வச்ச குறியை மாத்தி, நாளைக்கு நம்மாத்துல ஒண்ணு ஆச்சுன்னா?"

"மாத்தலேன்னா தங்கமணி ஆத்துல ஆகும். வாஸ்து புருஷனுக்கு அது தெரியாதா, அண்ணா?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலம் முழுக்கத் துளைத்துப் பார்த்ததில், கிணற்றுக்கு விலகி, நீர் சரசரவென்று இறங்கிய சரளை மண் ஒரே இடத்தில்தான் இருந்தது. பூஜை அறை ஜன்னலிலிருந்து தெரிகிற மாதிரி துளசி மாடத்துக்கு நான் ஒதுக்கி வைத்திருந்த இடம் அது. கோயிலில் போய் நின்று அழுதேன். அதைக் கேட்டுப் பதில் சொன்னது மாமிதான்.

"துளசிக்கு ஒரு சட்டி மண்ணு போறும் மாமி. எங்கே வச்சாலும் வருவா. இந்தக் குழிக்குத்தான் இடம் வேணும்."

ஆசாரியிடமும் அவரே போய்ப் பேசினார். குறி மாறியது. கிரகப்பிரவேசத்துக்கு ஒரு பொட்டலம் கைமுறுக்கோடு வந்து, "இதைக் குழியில போட்டுடாதேங்கோ" என்றார்.

பிறகு ஒரு கோடையில் எங்கள் கிணறு வற்றியது. குடத்தோடு தயங்கி நின்ற என்னைப் பார்த்து, "நம்முடெ வெள்ளம் தன்னே, எடுத்தோ மாமி" என்றாள் தங்கமணி; நம் தண்ணீர்தானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அந்தத் தண்ணீரில்தான் ஏகாதசி நைவேத்யம் செய்தேன். அப்போது வந்திருந்த மாமிக்கு ஒரு டம்ளர் கொடுத்து, எங்கிருந்து எடுத்தது என்று சொன்னேன். முழுக்கக் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

அந்த இரும்புக் கம்பியை, அடுத்த தடவை எடுத்துக்கொள்கிறேன் என்று எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். எங்கே மண் வெட்டினாலும் ஒரு பிடி எடுத்துத் திரித்துப் பார்க்கிற பழக்கமும் அவர் தந்ததாக என்னிடம் இருக்கிறது.

எங்களுக்கு மேலே உள்ள மனையை இப்போது புதிதாக ஒருவர் வாங்கியிருக்கிறார். அவர்கள் குழிக்குக் குறி போட்ட இடத்தில் திரித்துப் பார்த்தேன். மண் முறுக்காக வந்தது. கீழே எங்கள் கிணறு, அதற்கும் கீழே தங்கமணியுடையது. விஷயம் தெரிந்தவர் வந்து சொன்னால் மாற்றிக்கொள்கிறோம், மழைக்கு முன்பு சொல்லவேண்டும் என்கிறார்கள். எந்த இடம் ஆகாது என்று எனக்குத் தெரிகிறது. எந்த இடம் ஆகும் என்று தெரியவில்லை. மாமியோடு வேலை பார்த்தவர்களில் யாரால் வர முடியும்? கம்பி இங்கேயே இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.