வாளியோடு ஓட வைத்த ராக் பாட்டு

போன ஞாயிறு மாலை, தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு நடுவில், ஆறு பெண்கள் வாளியும் கையுமாக என்னை முறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் செய்த குற்றம்? போனில் ஒரு ராக் பாட்டைப் போட்டேன். அவ்வளவுதான்.

தலை சுற்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

'தகரக் கூரை' என்று ஒரு ராக் குழுவைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேர். பாடுகிறவன் சுதர்சன். பகலில் தலவாக்கலை டவுனில் போன் திருத்துகிற கடையில் வேலை. என் போனையும் அவன்தான் திருத்துவான். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் கூப்பிட்டான்.

"டீச்சர், எங்க ஆல்பம் ரிலீஸ் ஆயிருச்சு!"

"அப்பிடியோ! விழா எந்த மண்டபத்திலை, தம்பி?"

"விழால்லாம் இல்ல டீச்சர். லிங்க் அனுப்பியிருக்கேன்."

நான் யாழ்ப்பாணத்துக்காரி. ஹட்டனுக்கு மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டவள். எங்களுக்கு வெளியீடு என்றால் குத்துவிளக்கு, தலைமையுரை, முதற்பிரதி, யாரோ ஒருவர் பெயரை விட்டுவிட்ட நன்றியுரை... எல்லாம் வேண்டும். இவன் பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டி ஆல்பத்தை வெளியிட்டுவிட்டான். சிங்கிள் என்கிறான், ஈ.பி. என்கிறான், இது ஆல்பம் என்கிறான். எதற்கும் தலையாட்டிவிட்டுக் கேட்க உட்கார்ந்தேன்.

மூன்றாவது பாட்டு, 'மேட்டு லயம்'. கிட்டார் கத்திக் கத்தி உச்சிக்குப் போய்ச் சட்டென்று நிற்கிறது. ஒரே அமைதி. எங்கிருந்தோ ஒரு பெண்ணின் குரல் — "தண்ணீ வந்துருச்சேய்...!" உடனே டிரம்ஸ் இடிக்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

என்ன எழுதினேன் தெரியுமா? 'அது ஒரு பெண்ணின் குரல் அல்ல, ஒரு சமூகத்தின் நூற்றாண்டுத் தாகம்' என்று எழுதினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வாசகர்களும் விடவில்லை. பாட்டு போனுக்குப் போன் பறந்தது.

உண்மை பிறகுதான் தெரிந்தது. அவர்கள் பதிவு செய்தது ஸ்டூடியோவில் இல்லை. சுதர்சனின் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு. அடுத்த காம்பரா சரசு அக்காவுடையது. அந்த லயத்துக்குப் பொதுவான பைப் அவர் வாசலிலிருந்துதான் தெரியும். மேலே டாங்கியிலிருந்து மாலையில் ஒரே ஒரு தடவை, இருபது நிமிடம் தண்ணீர் வரும். வந்ததும் சரசு அக்கா கத்துவார். எல்லோரும் வாளியோடு ஓடுவார்கள். அந்தச் சத்தம்தான் கம்பளியைத் தாண்டிப் பாட்டுக்குள் விழுந்திருக்கிறது. அதை வெட்டிவிட்டுக் கேட்டார்களாம், பாட்டு சப்பென்று இருந்ததாம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு. தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கும். அது நேரம் பார்த்து வரும், வந்தால் ஒருவர் கத்தவேண்டும் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

சரி, இதில் என்ன பிரச்சினை? இருக்கிறதே. லயத்தில் எல்லோர் போனிலும் அந்தப் பாட்டு. முதல் வாரம், பாட்டு ஒலித்தபோதெல்லாம் பெண்கள் வாளியோடு ஓடி ஏமாந்து திரும்பினார்கள். இரண்டாம் வாரம் சுதாரித்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் சரசு அக்கா நிஜமாகவே கத்தினார் — பாட்டு என்று நினைத்து ஒருவரும் எழும்பவில்லை! இருபது நிமிடம் போயிற்று. பைப் நின்றது. திட்டெல்லாம் யாருக்கு? சரசு அக்காவுக்குத்தான்.

இந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி அந்தப் பாட்டைத் தரச் சொல்லிக் கேட்டது. நாடு முழுக்க உள்ள ராக் குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்து ஒரு கம்பைலேஷன் ஆல்பம் போடுகிறார்களாம். ஒரே நிபந்தனை: பாட்டில் யார் யார் குரல் கேட்கிறதோ, அவர்கள் எல்லோரும் சம்மதக் கடிதம் தரவேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள்.

சரசு அக்கா முடியாது என்றுவிட்டார். கம்பைலேஷனில் மட்டுமில்லை, முதல் ஆல்பத்திலிருந்தும் தன் குரலை வெட்டச் சொல்லிவிட்டார்.

"நீங்க எழுதுனதாலதான் டீச்சர் இவ்ளோவும். நீங்களே வந்து பேசுங்க" என்றான் சுதர்சன். மறுக்க வாயிருக்கிறதா எனக்கு? பஸ் ஏறினேன்.

சரசு அக்கா எனக்கும் சுதர்சனுக்கும் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு கேட்டார்.

"நீங்கதான் என் சத்தத்தப் பத்திப் பேப்பர்ல எழுதுனவங்களா? என்னமோ நூற்றாண்டுத் தாகம்னு இவன் படிச்சுக் காட்டுனான். எனக்குத் தாகம்லாம் இல்ல டீச்சர். துணி ஊறப் போட்டிருந்தேன்."

"மன்னிக்கோணும் அக்கா. எனக்கு விளங்கேல்லை."

"அது கெடக்கட்டும். பதினஞ்சு வருசமா கத்துறேன். ஒரு நா பொய்யாக் கத்துனதில்ல. இப்ப நான் வாயத் தொறந்தா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. என் வார்த்தைக்கு மதிப்பே போயிருச்சு."

சுதர்சனின் பாட்டுக்காக வழக்குப் பேசப் போனவள், அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். சுதர்சன் பாவமாக என்னைப் பார்த்தான். அந்தப் பக்கமும் சாய்ந்தேன்.

"பாட்டு முழுக்கக் கேட்டனீங்களோ, அக்கா?"

"எங்க கேட்டேன்? என் சத்தம் வந்ததும் நானே வாளியத் தேடுறேன்!"

கேட்கட்டுமே என்று என் போனில் பாட்டைப் போட்டேன், முழுச் சத்தத்தில். புத்தி வேண்டாமா? "தண்ணீ வந்துருச்சேய்...!" அன்று நம்பாமல் ஏமாந்தவர்கள், இன்று நம்பி ஏமாந்தார்கள். ஆறு பேரும் வாளியோடு வாசலில்.

முதலில் சிரித்தது சரசு அக்காதான். அவர்களை அனுப்பிவிட்டு, பாட்டைக் கடைசிவரை கேட்டார்.

"நான் கத்துனதுக்கு அப்புறம்தானே அந்த டிரம்மு வருது?"

"ஓம் அக்கா. நீங்கள் சொன்ன பிறகுதான் எல்லாம் துவங்குது."

"டிரம்மாவது என்னைய நம்பி வருதே" என்றார். "வெட்டாதடா. ஒழுங்கா எம் பேரப் போடு — சரஸ்வதி, மேட்டு லயம்னு. தண்ணிக்கு நான் வேற சத்தம் வச்சுக்கிறேன்."

கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. சுதர்சனுக்குச் சந்தோஷம். எனக்கு இன்னும் தெளியவில்லை. அசல் இருக்க நகல் விலகிப் போவதுதானே நியாயம்? இங்கே நகல் நாடு சுற்றப் போகிறது, அசல் தன் சொந்த வார்த்தையை விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறது. நான் உதவி செய்தேனா, உபத்திரவம் செய்தேனா? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

நான் கிளம்பும்போது பைப் சீறியது. சரசு அக்கா வாயைத் திறக்கவில்லை. உள்ளே போய் ஓர் அலுமினியச் சட்டியும் அகப்பையுமாக வந்தார். டண்... டடண்... டண்-டண்! காம்பராக்கள் எல்லாம் திறந்தன. வாளிகள் ஓடின. ஒருவரும் சந்தேகப்படவில்லை.

சுதர்சனின் தலை தாளத்துக்கு ஆடியது. கை மெதுவாகச் சட்டைப்பையில் இருந்த போனைத் தேடியது.

அகப்பை அந்தரத்தில் நின்றது.

"கைய எடுடா!" என்றார் சரசு அக்கா.