எரியாத ஜோன்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. ஒன்றையும் பட்டினி போட்டதில்லை. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனதால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவளுக்கு வாயில் வருவது பர்மா பாஷை. கோயிலில் ஞானோபதேசத்தோடு கற்ற தமிழ் எழுத்து இதற்காவது உதவட்டும்.

அப்போது நாங்கள் பர்மாவின் இன்சீன் ஊரில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ஒரு பிரெஞ்சு மதர் இருந்தார். தம் நாட்டுப் புனிதை ஜோன் ஆஃப் ஆர்க்கின் திருநாளுக்கு, மே மாதக் கடைசியில், நாடகம் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கதையையும் அவரே சொன்னார். குடியானவன் மகள். சம்மனசுகளின், அதாவது தேவதூதர்களின், குரலைக் கேட்டாள். முடியை வெட்டிக்கொண்டு, ஆண் உடை தரித்து, குதிரையேறிப் போய்த் தன் ராஜாவுக்காக ஆங்கிலேயரை விரட்டினாள். வாள் இருந்தும் அவளுக்குப் பிரியம் தன் வெள்ளைக் கொடியின்மேல்தான். பிறகு பிடிபட்டாள். ஆண் உடை போட்டதையும் ஒரு குற்றமாக்கி, குருமார்களே தீர்ப்புச் சொல்லி, கம்பத்தில் கட்டிக் கொளுத்திவிட்டார்கள். வெகுகாலம் கழித்துத் திருச்சபையே அவளைப் பீடத்தில் ஏற்றியது. இந்த இடம் வந்ததும் மதர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. தொண்டை பெரிது என்று ஜோன் வேஷத்தை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கர்வத்தில் இருந்தேன்.

கொடி தைத்தது அத்தை. அப்பாவின் அக்கா, புருஷன் போனபின் எங்களோடு இருந்தவர். பர்மாப் பெண்களைப் போல இடுப்பில் தமேன்தான் சுற்றுவார். தம் கல்யாணத்து வெள்ளைப் பட்டுத் தமேனை எடுத்து, மஞ்சள் நூலால் லீலிப் பூக்கள் போட்டார். தமேன் இடுப்பில் நிற்பதற்காக மேல்விளிம்பில் கறுப்புத் துணிப் பட்டை ஒன்று இருக்கும். கெட்டியான துணியாயிற்றே என்று அத்தை அதையே மடித்துக் கொடிக்கம்பு நுழைய உறையாக்கிவிட்டார்.

வினை அந்தப் பட்டையில் வந்தது. நாடகத்தன்று மேடைக்குப் பின்னால் நான் கொடியைத் தூக்கியதும், என் தளபதியான எதிர்வீட்டு பர்மாப் பையன் அலறினான்.

"ஐயோ, இது தமேன்! பட்டையைப் பாருங்கடா! நான் இதுக்கு அடியில வர மாட்டேன்."

ஆண்களுக்கு ஒரு மகிமை உண்டு, பெண் உடுத்திய தமேனுக்கு அடியில் புகுந்தால் அது போய்விடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. நாடகத்திலோ என் கொடிக்கு அடியில் புகுந்துதான் படை கோட்டைக்குள் ஓட வேண்டும். வீரர்கள் எல்லாரும் அட்டை வாள்களைக் கீழே போட்டார்கள், தமிழ்ப் பையன்கள் உள்பட.

"வெளுத்த துணிதானே, பிள்ளைகளே?" என்றார் மதர். பாண்டிச்சேரியில் பழகிய தமிழ் அவருடையது.

"வெளுத்தாலும் தமேன் தமேன்தான், மதர்."

மேடை கட்ட வந்திருந்த அப்பா சிரித்தார். "வேதக்காரப் புள்ளைங்களுக்கு இதுல என்னடா பயம்?" நான் திரும்பியபோது கொடி அவர் பக்கம் சாய்ந்தது. சட்டென்று விலகிக்கொண்டார்.

"நீ ஏன் தம்பி ஒதுங்குற?" என்றார் அத்தை. 

மதர் ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவரச் சொன்னார். அத்தையின் முகம் கறுத்துப்போனது. எனக்கு அது பொறுக்கவில்லை. "அத்தை கொடி இல்லாட்டி நான் மேடையேற மாட்டேன்" என்று கத்தினேன். வெளியே சனம் காத்திருந்தது. கடைசியில் நான் தனியாக முன்னால் போவது, படை எட்டி நின்று பின்னால் வருவது என்று முடிவாயிற்று.

எதிரிகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கொடியோடு நான் பாய்ந்ததும், சண்டை போட வேண்டிய ஆங்கிலேயர்கள் கோட்டையை விட்டு நிஜமாகவே ஓடினார்கள். சனம் கைதட்டியது. அடுத்து அவர்கள் என்னைப் பிடித்துக் கட்டி எரிக்க வேண்டும். ஒருவனும் கிட்டே வரவில்லை.

"கொடியைக் கீழே போடு, மகளே," என்று திரைமறைவிலிருந்து மதர் கெஞ்சினார்.

"போடாதடி!" என்றார் அத்தை, முன்வரிசையிலிருந்து.

நான் போடவில்லை. மதர் திரையை இழுத்துவிட்டார். இன்சீனில் ஜோன் எரியவில்லை.

என் வீரத்துக்குப் பயந்து ஓடினார்கள் என்றே நினைத்து, அர்ச்சிஷ்டவளான ஜோனுக்கு நன்றி சொன்னேன். அத்தை கொடியைக் கம்பிலிருந்து உருவி மடித்தார். "ஒரு துணிக்கு இம்புட்டுப் பயமா!" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்குத் துக்கமா சந்தோஷமா என்று எனக்கு அன்று பிடிபடவில்லை.

இப்போது குடியிருப்பது நகரத்துக்குள், லான்மடாவில். சில வருடங்களுக்கு முன், ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பிள்ளைகள் எதிர்த்து வெளியே இறங்கியபோது, எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் குறுக்கே கயிறு கட்டித் தமேன்களைத் தொங்கவிட்டார்கள், துப்பாக்கிக்காரர்கள் உள்ளே வராதிருக்க. "பாட்டி, பழைய தமேன் ஒண்ணு குடுங்க" என்று பேத்தி வந்து நின்றாள். பெட்டியிலிருந்து அத்தையின் கொடியை எடுத்துக் கொடுத்தேன். மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். வந்த துப்பாக்கிக்காரர்கள் கயிற்றுக்கு அடியில் புகாமல் அண்ணாந்து நின்றார்கள். கழி தேடிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக இறக்கி, குவித்துக் கொளுத்தினார்கள். அதற்குள் பிள்ளைகள் பின்சந்து வழியாக வீடு சேர்ந்துவிட்டார்கள். லீலிப் பூக்கள் எரிவது மேலிருந்து தெரிந்தது. அத்தை இருந்திருந்தால் அழுதிருக்க மாட்டார்.

ஏன்டி பேனாவை வைத்துவிட்டாய்? எடு, இதையும் எழுது. எழுதினாயா? இனி முதலிலிருந்து வாசித்துக் காட்டு. அத்தை பேசுகிற இடத்தை மட்டும் உரக்க வாசி.