வசந்தி அக்காவின் தும்மல்

வசந்தி அக்கா இறந்த செய்தி திங்கட்கிழமை காலை, நான் குடுவைகளை அலசிக்கொண்டிருந்தபோது வந்தது. அவரோடு வேலை பார்த்த பிரகாஷ் அண்ணன் கழுவும் அறை வாசலில் நின்று, "நேத்து வீட்ல துணி மடிச்சிட்டிருந்தாங்களாம். மூச்சு விட முடியலயாம். அவ்ளோதாம்மா" என்றார். குழாயை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

சந்தாபுராவில் அக்காவின் காரியத்துக்கு வரும் உங்கள் முன்னால் என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பொம்மனஹள்ளியில் அவருடைய ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுகிறேன்.

அக்காவின் வேலை ஓர் அமிலத்தையும் அமீன் என்ற காரப்பொருளையும் இணைப்பது. சும்மா கலந்தால் இரண்டும் உப்பாகி நின்றுவிடும். அமிலத்தைத் தூண்டிவிட இன்னொரு பொருள் வேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் தினமும் வாக்குவாதம். டிசிசி மலிவு, ஆனால் குடுவையில் வெள்ளைக் கசடாக ஒட்டிக்கொள்ளும். "இவ நகம் தேயறதையும் கணக்குல வெக்கணும்" என்று அக்கா என்னைக் காட்டிச் சொல்வார். ஹாட்டு என்ற வெள்ளைப் பொடி வேகமானது, வேலை சுத்தமாக முடியும். மேனேஜருக்கு அதுதான் பிடிக்கும்.

அந்த ஹாட்டுதான் அக்காவுக்கு ஆகாமல் போனது. பல வருடம் அதை எடைபோட்டவருக்கு ஒரு நாள் திடீரென்று அடுக்குத் தும்மல், உதடு வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு, அந்தப் புட்டியை எங்கே திறந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை கீழே கேண்டீனில் சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டுத் தும்மினார். "மேல யாரோ திறந்துட்டாங்க" என்றார். நான் படியேறிப் போய்ப் பார்த்தேன். எடைபோடும் அறையில், பிரகாஷ் அண்ணன் கையில் மூடி இருந்தது.

"அக்கா மூக்கு இருக்கறப்ப அலாரம் எதுக்கு குரு?" என்று அவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"எது நல்லா சேக்கும்னு மட்டும் பாக்காதீங்க சார். சேத்தப்புறம் எது போகாதுன்னும் பாருங்க" என்பார் மேனேஜரிடம். ஹாட்டுக்குப் பதில் டி-த்ரீ-பி போடலாம், மிச்சமெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இந்த பேட்ச் முடியட்டும்மா, அப்புறம் நோடோணா, பாக்கலாம்" என்பார் அவர். அந்த பேட்சுகளின் குடுவைகளைக் கழுவியது நான்தான்.

சென்ற வியாழக்கிழமை கழுவும் அறையில் தனியாக இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. மூக்கு எரிந்தது. தும்மினேன். என் தும்மல் அப்படி இருக்காது. அது அக்காவின் தும்மல், கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும் அந்தச் சத்தத்தோடு. வெளியே தாழ்வாரத்தில் பேச்சு நின்றுபோனது. கதவைத் திறந்த பிரகாஷ் அண்ணனின் முகம் வெளுத்திருந்தது. கையில் அதே மூடி.

"நீயாம்மா?" என்றார். பிறகு மெதுவாக, "மேனேஜர்கிட்ட சொல்லிடாத. உன்ன வேலைய விட்டு நிறுத்திடுவாங்க" என்றார்.

வீட்டில் என் சம்பளம்தான் வாடகைக்கு. ஆனால் உதடு தடித்துக்கொண்டு வந்தது. துணி மடிக்கும்போதே அக்காவுக்கு மூச்சு நின்றதை நினைத்தேன். மேனேஜர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், டி-த்ரீ-பி போடுங்க. எனக்கும் வந்துடுச்சு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், அக்காவின் காலி நாற்காலியைப் பார்த்தபடி, "சரி, வசந்தி" என்றார்.

இப்போது அந்த ஹாட்டுப் புட்டி அலமாரியில் இல்லை. இனி எனக்கு அங்கே வேலை உண்டா என்று யாரும் சொல்லவில்லை. அக்கா எனக்கென்று விட்டுப்போனது அந்தத் தும்மல்தான். அது கழுவினால் போகிறதாக இல்லை.