இடது தோள், அரை இன்ச் இறக்கம்

1. போன்

மாரண்டஹள்ளியில் என் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனி வாட்ச்மேன் மாதையன் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

“செல்விம்மா, மெட்ராஸ்ல இருந்து பாடி வந்திருக்குது. தண்ணி சொட்டிக்கினே இருக்குது. உங்க பேரு போட்டிருக்குது, நீங்க வந்தாத்தான் ஆவும்.”

அதோடு லைன் போய்விட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

என் மகள் தீபா சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கூட்டாளிகளோடு பீச்சுக்குப் போகட்டுமா என்று முந்தின நாள்தான் கேட்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அன்று காலையிலிருந்து அவள் போன் சுவிட்ச் ஆஃப்.

நான் கார்மெண்ட்ஸில் சாம்பிள் தைப்பவள். பாடி என்றால் எங்களுக்கு உடுப்பின் மேல்பாகம். முன் பாடி, பின் பாடி, பாடி லைனிங் என்று நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை. அன்றைக்கு அந்த அர்த்தம் எனக்குத் தோன்றவே இல்லை. என் பிள்ளையை ஏன் கம்பெனி வாசலுக்குக் கொண்டுவரப் போகிறார்கள் என்றுகூட யோசிக்கவில்லை.

பாலக்கோடு வழியாகத் தர்மபுரி, அங்கே இறங்கி, எங்கள் கம்பெனி இருக்கிற நல்லம்பள்ளிக்கு வேறு பஸ். வீட்டுக்காரர் இண்டூரில் தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்று இருந்தது. பக்கத்து சீட்டுக்காரம்மா கைப்பிள்ளையை என் மடியில் சாய்த்துவிட்டுத் தூங்கிவிட்டாள். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன். தர்மபுரியில் அவள் வாங்கிக்கொண்டபோதுதான் தெரிந்தது.

2. ஈரம்

கேட்டுக்குள் சிமெண்ட் தரையில், பிளாஸ்டிக் சுற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். உள்ளே பச்சைத் துணி ஒட்டிக்கொண்டு தெரிந்தது. இடுப்பு, மார்பு, கழுத்து. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

அந்தப் பச்சையை நான் முந்தின வாரம்தான் தைத்து அனுப்பியிருந்தேன். அதே ஜார்ஜெட். கீழே பதினெட்டுப் பீஸ் வைத்து அலை மாதிரி விட்டிருந்தேன். அப்புறம்தான் மூச்சு வந்தது. துணிக்கடை வாசலில் நிற்குமே பொம்மை, அந்த மாதிரி தலையில்லாத ஒரு டம்மி. “பாடின்னது இதையா?” என்று கேட்டேன்.

மாதையன் அண்ணன் ஒன்றும் புரியாமல் பார்த்தார். “பில்லுல பாடி ஃபார்ம்னுதானேம்மா இருந்திச்சு? அதைத்தானே சொன்னேன்.”

சென்னையில் ஒரு டிசைனர் பெண். கோடைக்கு என்று பெண்களுக்கான ஒரு கலெக்‌ஷன், எல்லாமே கடலை வைத்து. சாம்பிள் எல்லாம் எங்களிடம் வந்தது. “யாராவது கடல் பாத்திருக்கீங்களா?” என்று முதல் நாள் வீடியோ காலில் கேட்டார். “ஒகேனக்கல்ல துணி தொவச்சிருக்கோம், அது போதாதாங்க?” என்றாள் கட்டிங் டேபிள் ராணி. டிசைனரும் சிரித்துவிட்டார்.

ஆனால் வேலையில் கறார். துணி காய்ந்திருக்கும்போதே நனைந்த மாதிரி உடம்பில் விழ வேண்டும் என்பார். நான் அனுப்பியது எதுவும் அப்படி விழவில்லை. கடைசியில் ஒரு பெண்ணை மாடலாகக் கூப்பிட்டு, அவள் அளவுக்கே டம்மியில் பஞ்சு சுற்றச் செய்திருக்கிறார். பிறகு உடுப்பைக் கடலில் முக்கி, டம்மிக்குப் போட்டு, ஈரத்தோடு அப்படியே எங்களுக்கு ஏற்றிவிட்டார். நேரில் பார்த்தால் புரியும் என்று.

புரிந்தது. உடுப்பு உடம்போடு ஒன்றாகக் கிடந்தது. மடிப்பில் மணல். கொதிக்கிற எங்கள் ஊர் மத்தியானத்தில் உப்பு வாடை அடித்தது.

3. தோள்

ஈர உடுப்பைக் கழற்றி, டம்மியை ஸ்டாண்டில் நிறுத்தி, டேப் போட்டேன். அதற்கு முன்பே என் கைக்குத் தெரிந்துவிட்டது. இடது தோள் அரை இன்ச் இறங்கியிருந்தது. முதுகில் வலது பக்கம் லேசாகத் தூக்கல்.

தீபா ஏழாவது படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. அன்றிலிருந்து அவளுடைய சுடிதார் எல்லாவற்றிலும் இடது தோளை அரை இன்ச் இறக்கித்தான் வெட்டுகிறேன். அளவு பார்க்க அந்த முதுகில் நான் ஊசி குத்தாத இடம் இல்லை.

தீபாவுக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். டிசைனருக்குப் போட்டு, டம்மி யாருடைய அளவு என்று கேட்டேன்.

“யாரோ காலேஜ் பொண்ணுக்கா. ஃப்ரெண்ட் மூலமா வந்தா. பேரு சட்டுனு வரல.”

“தண்ணியில எறக்குனீங்களா?”

“முட்டி வரைக்கும் நிக்கச் சொன்னோம், போட்டோவுக்கு. ஏன் கேக்கறீங்க? அடுத்த ஃபிட்டிங்குக்கு அவ வரல. போனும் எடுக்கல.”

நான் வைத்துவிட்டேன். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ராணி என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கி மேசையில் வைத்தேன். டம்மியின் முதுகில் கை வைத்தபடியே நின்றேன். எடுத்தால் ஏதோ ஆகிவிடும் என்று இருந்தது.

சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரத்தில் தீபாவே கூப்பிட்டாள். பிராக்டிகல், போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றாள். வீடியோவில் வரச்சொல்லி, துப்பட்டாவை எடுத்துத் தோளைக் காட்டச் சொன்னேன்.

“உனக்கு என்னம்மா ஆச்சு? பீச்சுக்கு நீதான் வேணான்னுட்ட, நான் போவல. டம்மிக்குத் தோள் எறங்குனா அது நானா? பேக் மாட்டி மாட்டி இங்க பாதி பேருக்கு அப்பிடித்தான்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கும்பிடாத சாமியில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அது நின்றுகொண்டிருந்தது. ஸ்டாண்டுக்குக் கீழே தரையில் வட்டமாக ஈரம்.

அது தீபா இல்லை. அப்படியென்றால் யார்?

4. பாக்கி

பஞ்சு உப்புத்தண்ணீர் குடித்துவிட்டது, எளிதில் காயாது என்றார் எங்கள் மேனேஜர். இருக்கலாம். துடைக்கத் துடைக்க அந்த ஈர வட்டம் வந்துகொண்டேதான் இருந்தது. ராணி அதைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தாள். மறுநாள் அவளே மறுபடியும் எங்கள் பக்கம் திருப்பினாள். முதுகு காட்டி நிற்பதைப் பார்த்தால் இன்னும் பயமாக இருந்ததாம். மாதையன் அண்ணன் ஒரு போர்வை போர்த்திவிட்டு, “குளுரும்ல,” என்றார்.

பச்சை உடுப்பு அப்ரூவல் ஆனது. அந்த உடம்பில் மட்டும் துணி சொன்னபடி விழுந்தது. பல்க்குக்கு, மொத்தமாகத் தைக்கப் போகும்முன் இரண்டு தோளையும் சமமாக்கச் சொன்னார்கள். கடைக்குப் போகிற உடுப்பு அப்படித்தான் இருக்க வேண்டும். பேட்டர்னில் சரிசெய்து கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டம்மியோ அளவோ கைக்கு வந்தால், கத்தரியை எடுக்கும்முன் இது யாருடையது என்று கேளுங்கள். சைஸ் ஸ்மால் என்பது பதில் இல்லை. நானும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூட்டி வந்த ஃப்ரெண்டுக்கும் தெரியவில்லையாம், ஊருக்குப் போயிருப்பாள் என்கிறார் டிசைனர். அப்படியே போயிருக்கட்டும்.

டம்மியின் இடது தோளிலும் பஞ்சு வைத்துத் தூக்கிவிடச் சொல்லியிருக்கிறார்கள். அரை மணி நேர வேலை. அதை மட்டும் நான் செய்யவில்லை. முகம் இல்லாத அதில், அவளைப் பெற்றவள் வந்து கை வைத்தால் அடையாளம் தெரிய அந்த அரை இன்ச்சுதான் இருக்கிறது.