கேட்டதை வாங்கிக் கொடுங்கள்

மல்லாபூர் குவார்ட்டர்ஸில் ஜம்புநாதனுக்கு அவருக்குத் தெரியாமல் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சைரன். தொழிற்சாலைச் சங்காவது ஷிஃப்டுக்கு ஒரு தடவை ஊதிவிட்டு ஓய்ந்துவிடும். இவர் நாள் முழுக்க ஊதுவார்.

வலங்கைமானில் பிறந்து, பாலிடெக்னிக் படித்து, அறுபத்து நாலில் தெலுங்குச் சீமைக்கு வந்து அந்தப் பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். மெஷின் ஷாப்பில் ஃபோர்மேன். எல்லா லேத்தும் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவர் குரல் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். கோபக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்குப் பேச வந்த விதமே அதுதான். ஒருவனை நிற்கவைத்துத் திட்டுவார். திட்டி முடித்த கையோடு தன் டிபன் டப்பாவைத் திறந்து அவன் பக்கம் நீட்டுவார். திட்டு வாங்கியவன் நிம்மதியாகச் சாப்பிடுவான். அவர் யாரைத் திட்டுவதை நிறுத்துகிறாரோ அவனைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பரிதாபப்படுவார்கள். அவனைக் கைகழுவிவிட்டார் என்று அர்த்தம்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்தவள் மகள் பட்டு. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது, அதைக் கூப்பிட்டவர் யாருமில்லை. அவள் மூக்கு அப்பாவுடையது, வாய் மட்டும் இந்த ஊருடையது. தெலுங்கும் ஹிந்தியும் தண்ணீர்பட்ட பாடு. ஜம்புநாதனின் தெலுங்கோ காய்கறிப் பெயர்களைத் தாண்டியதில்லை. வேலையிடத்தில் இங்கிலீஷையும் ஹிந்தியையும் வைத்துச் சமாளித்துவிடுவார். கடைத்தெருவில், பஸ்ஸில், யாராவது கடகடவென்று தெலுங்கில் பேசிவிட்டால் குனிந்து மகளைக் கேட்பார்: "என்னடி சொல்றான்?" அவளும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெரிய மனுஷி போல, தமிழில் சொல்லுவாள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. வெளியில் காட்டிக்கொள்வாரா என்ன. அவள் "நக்கோ" என்று சொல்லும்போதெல்லாம் பிடித்துக்கொள்வார். இந்த ஊரில் வேண்டாம் என்பதற்கு அதுதான் வார்த்தை. தோசை நக்கோ, எண்ணெய் தேய்க்க நக்கோ, பள்ளிக்கூடம் நக்கோ.

"வேண்டாம்னு தமிழ்ல சொல்ல வராதாடி?"

இது அந்த வீட்டில் தினமும் ஒலித்தது. பட்டு சிரித்துக்கொண்டே ஓடிவிடுவாள், மறுநாளும் நக்கோ என்பாள். திட்டு வாங்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று அம்மா வேதாவுக்குத் தெரியும்.

எழுபத்தெட்டில் பட்டுவுக்கு எட்டு வயது. விட்டு விட்டுக் காய்ச்சல், தொடையில் நீலம் நீலமாகத் தடம், கால் வலிக்கிறது என்று அழுகை. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். வார்டில் சேர்த்தார்கள். ஊசி, மருந்து, மொட்டைத் தலை. நடுவில் கொஞ்சம் தேறினாள், முடிகூட முளைத்தது. பிறகு மறுபடியும் விழுந்தாள், மறுபடியும் மொட்டை.

பக்கத்துக் கட்டிலில் யாதம்மா என்று ஒரு பெண், பட்டுவின் வயதுதான். அதே நோய். இருவரும் போர்வையை இழுத்துப் பிடித்துப் பாலம் போட்டு விளையாடுவார்கள். ஒருநாள் பெரிய டாக்டர் யாதம்மாவின் அப்பாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் வெளியே போய் ஒரு டஜன் கண்ணாடி வளையலும் ஆரஞ்சு சோடாவும் வாங்கி வந்து மகளுக்குக் கொடுத்தார். அன்று சாயங்காலமே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்து வார்டு ஆயா ஆரோக்கியமேரி வேதாவின் காதோடு காதாக யாதம்மா போய்விட்ட செய்தியைச் சொன்னாள். குழந்தைகளுக்குக் காது இல்லை என்பது பெரியவர்களின் நினைப்பு.

அடுத்த வாரம் பெரிய டாக்டர் பட்டுவின் கட்டிலருகே வந்து நின்றார். ரவுண்ட்ஸ் அவசரம். எதிரே நிற்பவன் எந்த ஊர்க்காரன் என்று பார்த்துப் பேச அவருக்கு நேரமேது. தெலுங்கில், யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"இன்டிகி தீசுகெள்ளண்டி. பாப்ப ஏதி அடிகிதே அதி கொனிபெட்டண்டி."

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஜம்புநாதனுக்குப் பிடிபடவில்லை. பழக்கதோஷம், குனிந்து மகளைக் கேட்டார்.

"என்னடி சொல்றார்?"

பட்டு அப்பாவைப் பார்த்தாள். காலியாகக் கிடந்த யாதம்மாவின் கட்டிலைப் பார்த்தாள்.

"ஆத்துக்குக் கூட்டிண்டு போகணுமாம்ப்பா. நான் எது கேக்கறேனோ அதை வாங்கிக் குடுக்கணுமாம்."

அவள் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றால் அந்த வார்த்தையைத் தமிழ்நாட்டு டாக்டர்களும் சொல்லுவார்கள், அவர் தம்பிக்கு ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வெகுநாளைக்கு எதுவுமே தோன்றவில்லை. பையை எடுத்தார், குழந்தையைத் தூக்கிக்கொண்டார், பஸ் ஏறினார்.

கம்பெனி டிஸ்பென்சரி டாக்டர் ஜகதீசன் நல்ல மனுஷர். வீட்டுக்கே வந்து பார்த்தார். வலிக்கு மாத்திரை டப்பி ஒன்று கொடுத்தார்.

"கால் மாத்திரை. அதுவும் வலிக்குதுன்னு அவளே சொன்னா மட்டும் குடுங்க. இது பெரியவங்களுக்கான மருந்து. எட்டு வயசுக்கு எவ்வளவுன்னு நான் தேடின புத்தகம் எதுலயும் இல்ல. கூடிப் போச்சுன்னா மூச்சு அடங்கிடும்."

ஆக, எல்லாம் பட்டுவின் வாயில் இருந்தது. வலிக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். அவளோ சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு முன்பு கால் வலிக்கு ஊரையே கூட்டுகிறவள், வீடு திரும்பிய பிறகு ஒரு சொட்டு அழவில்லை.

"பட்டு, வலிக்கறதாம்மா?"

"இல்லப்பா."

மோண்டா மார்க்கெட் போய் ஆப்பிள் வாங்கி வந்தார். நக்கோ. கண் திறந்து மூடும் பொம்மை. நக்கோ. வேதா பாதாம் அல்வா கிளறினாள். அதுவும் நக்கோ. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தையே பார்ப்பாள். ஜம்புநாதன் அவளுடைய மொட்டைத் தலையைத் தடவிக்கொடுத்து, "சரிம்மா, உனக்கு எப்போ வேணுமோ அப்போ சாப்பிடு" என்பார். ஊரையே கலக்கிய குரல் பஞ்சுப் பொதிக்குள்ளிருந்து வருவதுபோல வரும். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வேண்டுமென்றே பாலைக் கொட்டினாள். "போனாப் போறது" என்றார். குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணியால் கீறினாள். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அவருக்குத்தான் விளங்கவில்லை.

தலையணை உறை மாற்றும்போது வேதா பார்த்தாள். ஒரு மூலை முழுக்கப் பல் பதிந்து, கிழிந்து, எச்சில் காய்ந்து கிடந்தது.

"ஏன்னா, இவளுக்கு வலிக்கறது. சொல்லமாட்டேங்கறா."

சொல்லாமல் எப்படி மாத்திரை கொடுப்பது? மூச்சு அடங்கிடும் என்று ஜகதீசன் சொன்னது இருவர் நடுவிலும் நின்றது. மாத்திரை டப்பி அலமாரியில் அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் திராட்சை வாங்கி வந்திருந்தார். கழுவி, கிண்ணத்தில் போட்டு, கட்டிலருகே கொண்டுபோனார்.

"நக்கோ."

அவர் ஒரு பழத்தை எடுத்து நீட்டினார்.

"நக்கோ. நக்கோ. நக்கோ."

அவளுடைய கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை. அவருக்குள் என்ன நடந்தது என்று அவருக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. யோசித்துச் செய்யவில்லை. இத்தனை நாள் மரக்கட்டையாக இருந்தவருக்கு ஆத்திரம் எங்கிருந்தோ வந்தது. கிண்ணத்தை ணங்கென்று வைத்தார்.

"வேண்டாம்னு தமிழ்ல சொல்ல வராதாடி? உனக்கு எத்தனை தடவை சொல்றது? தமிழாத்துல பொறந்துட்டு என்னடி நக்கோ?"

வேதா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அடுத்த வீட்டு ரேடியோ நின்றது. ஜம்புநாதன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். சாகக் கிடக்கிற குழந்தையைத் திட்டிவிட்டோமே என்றிருந்தது.

பட்டுவின் உதடு கோணியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக அழுதாள், பழைய அழுகை, ஊரைக் கூட்டும் அழுகை.

"வேண்டாம்ப்பா" என்றாள். பிறகு, "வலிக்கறதுப்பா. காலெல்லாம் வலிக்கறது."

கால் மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்தார்கள். கொஞ்சநேரத்தில் தூங்கினாள். கை கால்களை அகட்டிப் போட்டுக்கொண்டு தூங்கினாள். அப்படி அவள் தூங்கி எவ்வளவோ நாளாகியிருந்தது. வேதா அவள் வாயருகே புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் ஜம்புநாதன் தினமும் திட்டினார். மோர் மிச்சம் வைத்தால் திட்டு. பதிமூன்றாம் வாய்ப்பாடு தப்பினால் திட்டு. மனம் வராமல், மரத்துப்போன வாயால், ஒரு வேலையைச் செய்வதுபோலத் திட்டினார். திட்டினால் அவள் முகம் தெளிந்தது. எதிர்த்துப் பேசினாள். எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லச் சொல்ல மாத்திரை கூடியது. கால் போதாமல் அரையானது. அரை கொடுக்கலாமா என்று கேட்டதற்கு ஜகதீசன், "எனக்குத் தெரியல சார். வலிய பாத்துக் குடுங்க" என்றார்.

குவார்ட்டர்ஸ் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டுக் கமலம் தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள்: "பெத்த மனசு கல்லா? போற உயிரப் போய் இப்படிக் கரிச்சுக் கொட்டறாரே." அது பிளாக் பிளாக்காகப் பரவி மெஷின் ஷாப்புக்கும் போனது. ஜம்புநாதன் காதிலும் விழுந்தது. அவர் மறுநாளும் திட்டினார்.

மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம், அரை மாத்திரை சாப்பிட்டுத் தூங்கிய பட்டு எழுந்திருக்கவில்லை.

அதோடு சைரன் நின்றுபோனது. மறுபடி வேலைக்குப் போனவர் ஆட்களின் பக்கத்தில் போய் நின்று மெதுவாகப் பேசினார். அவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. தங்களைக் கைகழுவிவிட்டாரோ என்று பழைய ஆட்கள் ரொம்பநாள் தவித்தார்கள். பிறகு பழகிவிட்டது. புதிதாக வந்தவர்கள் அவரை அமைதியான மனுஷர் என்றார்கள்.

எண்பத்தொன்பதில் ரமா என்று ஓர் இளம் டாக்டர் வீடு தேடி வந்தாள். அதே பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவம் மேல்படிப்பு. லாலாகூடா ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழ்ப்பெண். வீட்டுக்கு வழி கேட்கப்போன இடத்தில் கமலம் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லி அனுப்பியிருந்தாள், அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"எங்க ஆஸ்பத்திரிக் கணக்குல இந்தக் குழந்தைங்க எல்லாம் வீட்டுக்குப் போனாங்க, அவ்வளவுதான் அங்கிள். அதுக்கப்புறம் என்ன ஆச்சு, எப்படிப் போனாங்க, வலி இருந்துச்சான்னு யாருமே போய்க் கேக்கல. அதான் ஒவ்வொரு வீடா வந்துட்டிருக்கேன்."

"கேளும்மா" என்றார் ஜம்புநாதன்.

"குழந்தைக்கு வலி இருந்துச்சா?"

"இருந்தது."

"எப்படித் தெரிஞ்சுது?"

"அவளே சொன்னா. நான் திட்டினப்புறம் சொன்னா."

ரமாவின் பேனா நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதிலிருந்து, தான் குனிந்து கேட்டதிலிருந்து, வரிசையாகச் சொன்னார். அடுத்தவர் வீட்டுக் கதை சொல்வதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாமல். பிறகு அவர் ஒன்று கேட்டார். அதைக் கேட்பதற்கென்றே இத்தனை வருஷம் யாருக்கோ காத்திருந்தவர்போல இருந்தது.

"அரை மாத்திரை ஜாஸ்தியாம்மா?"

ரமா பொய் சொல்லவில்லை. "தெரியல அங்கிள். நான் தேடின வரைக்கும் யாரும் பாத்து எழுதி வைக்கல. இன்னிக்கும் எங்க வார்டுல குத்துமதிப்பாத்தான் குடுக்கறோம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வேதா எழுந்தாள்.

"ஒரு வாய் காப்பி சாப்பிட்டுட்டுப் போம்மா."

ரமா கைப்பையை மூடிக்கொண்டே, கவனம் எங்கோ இருக்க, வீட்டில் சொல்வதுபோலச் சொன்னாள். "நக்கோ ஆன்ட்டி, இப்பதான் குடிச்சேன்."

"வேண்டாம்னு தமிழ்ல சொல்ல வராதாடி?"

பிளாக் முழுக்கக் கேட்டிருக்கும். ரமா பதறி எழுந்துவிட்டாள்.

"வேண்டாம் அங்கிள்" என்றாள் சின்னக் குரலில்.

ஜம்புநாதன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டு வேண்டாம் என்றதற்குப் பிறகு வந்ததே, அந்த வார்த்தை வர வேண்டும். கொஞ்சநேரம் காத்திருந்தார். அது வரவில்லை என்றதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவர் அழுது வேதா பார்த்ததே இல்லை. காப்பிப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.