ரெண்டு பேர் படுக்கிற கூடாரம்

லிஃப்ட் ரிப்பேர் வேலையில் ஒரு கறாரான சட்டம் உண்டு. லிஃப்ட் குழிக்குள் தனியாள் இறங்கக் கூடாது. அடியில் நிற்பவர் "கீழே சரி!" என்று கத்தவேண்டும். உச்சியிலிருந்து "மேலே சரி!" என்று பதில் வரவேண்டும். வராவிட்டால் எவனும் சுவிட்சைத் தொடமாட்டான். டார்ச், கையுறை, விசில் எல்லாம் ஆளுக்கொன்று, இரவல் கிடையாது.

மெக்கானிக் பத்தொன்பது வருஷம் கீழே நின்றார். மேலே அவர் கூட்டாளி நெட்டையன். மனைவி போன பிறகு அவர் பேசிய பேச்சில் பாதி அந்தக் குழிக்குள் பேசியதுதான். போன வருஷம் நெட்டையனைத் தூக்கி ஆபீஸில் உட்கார வைத்தார்கள். நாற்காலி பொல்லாத சாமான். உட்கார்ந்தவனுக்குக் காது மந்தமாகிவிடும்.

இருந்தாலும், ஒரு தடவை மலையேறி ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாமா என்று மெக்கானிக் கேட்டபோது, "நீ சாமானை வாங்கு, நான் வந்துர்றேன்" என்றான் நெட்டையன். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

மலையேற்றச் சாமான் கடைக்குப் போனவர் தொழில் புத்தியில் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக எடுத்தார். கையிலிருந்த காசுக்கு இரண்டு வேண்டுமென்றால் மட்டமான சரக்குதான்.

"அண்ணே, முதல் தடவைதானே? தட்டு, டம்ளரெல்லாம் வீட்டுல இருக்கிறதே போதும். காசை ஷூவுல போடுங்க" என்றாள் கடைக்காரப் பெண். "இந்த ஷூ பாதி மேட்டுலயே வாயைப் பொளந்துரும்."

"எங்க லிஃப்ட் வேலையில எல்லாம் ஆளுக்கொண்ணும்மா."

"மலையில லிஃப்ட் இல்லண்ணே, நடக்கணும்."

அவர் கேட்கவில்லை. நெட்டையனின் கால் அளவு அவருக்கு மனப்பாடம்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் போன் போட்டார்.

"சனிக்கிழமை மீட்டிங் போட்டுட்டானுங்கடா" என்றான் நெட்டையன். "அடுத்த மாசம் பாப்போம்."

"அடுத்த மாசம் மழை."

"அப்ப அதுக்கடுத்த மாசம். என்னடா, கோவமா?"

"கோவம் என்ன கோவம். உன் அளவு ஷூ இங்க கிடக்கு."

"நீயே போட்டுக்கடா, ரெண்டு சாக்ஸ் மாட்டிட்டு!" சிரித்தான். பின்னால் யாரோ "சார்" என்று கூப்பிட்டார்கள். லைன் கட்டானது.

மறுநாள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். திருப்பிக் கொடுத்துவிட்டு, எப்போதும்போல சனிக்கிழமை முழுக்க வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம் என்றுதான் போனார்.

"அவர் வரலியா?"

"வரல."

அந்தப் பெண் உச்சுக் கொட்டவில்லை. "அப்ப நல்ல ஷூவா வாங்கலாம். உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார். ரெண்டு ஜோடி ஷூவையும் கொடுத்ததற்கு ஒரு நல்ல ஜோடி வந்தது. மாட்டிக்கொண்டு கடைக்குள் நாலு நடை நடந்தார். கடிக்கவில்லை. கழற்றவும் மனம் வரவில்லை. மெல்லிசுப் பாய் இரண்டும் போய்த் தடித்த பாய் ஒன்று வந்தது. மிச்சம் இருந்தது ரெண்டு பேர் படுக்கிற கூடாரம்தான்.

"ஒருத்தர் படுக்கிறது இருக்கு, தூக்கவும் லேசு" என்று தரையில் விரித்து நிறுத்தினாள். "உள்ள போய்ப் படுத்துப் பாருங்க. காலை நீட்ட முடியுதா?"

ஷூவை வெளியே விட்டுவிட்டு நுழைந்தார். அவள் ஜிப்பை இழுத்து மூடினாள். இரண்டு பக்கமும் துணி தோளில் உரசியது. தலைக்கு மேல் மங்கலான வெளிச்சம், குழிக்குள் தெரிவதைப்போல.

"சரியா இருக்காண்ணே?"

"கீழே சரி!" என்று கத்திவிட்டார், பழக்கதோஷம். பிறகு காத்திருந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு ஆளுக்குப் போதும். இதையே கட்டிக் குடு."