ஜன்னலுக்கு வெளியே போன சூடு

கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. தலைக்கு நேர் மேலே மொட்டைமாடி. ஓர் அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் குளியலறை, அவ்வளவுதான். பங்குனி பிறந்துவிட்டால் பிற்பகலில் சுவரில் கை வைக்க முடியாது. அந்த ஓர் அறையில்தான் என் மனைவியின் கட்டிலும் என் வேலை மேசையும் இருந்தன.

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கிக் கொடுப்பது என் தொழில். பொறியாளர்கள் வரைபடம் அனுப்புவார்கள். நான் கணினியில் சுவர் எழுப்பி, டைல்ஸ் பதித்து, ஜன்னல் வழியாக வெயில் விழவைத்து, வீட்டுக்காரர் பார்த்துத் தலையாட்டும்படி படம் எடுத்துத் தருவேன். ஒரு படம் உருவாக மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரம் முழுவதும் கணினிக்குள் இரண்டு சில்லுகள் கொதிக்கும். ஒன்று பிராசசர், இன்னொன்று கிராபிக்ஸ் கார்டில் இருப்பது. இரண்டுக்கும் தனித்தனி விசிறிகள் உண்டு. சில்லின் சூட்டை எடுத்து அவை அறைக்குள் ஊதும். ஊதிய சூடு எங்கே போகிறது என்று பல வருடங்கள் நான் யோசித்ததே இல்லை.

என் மனைவி கல்வராயன் மலையில் பிறந்தவள். அங்கேயே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்தாள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடப்பாள். ஒருநாள் சரிவில் இறங்கும்போது வலது கால் கல்லில் இழுபட்டது. செருப்பு சரியில்லை என்று புதுச் செருப்பு வாங்கினாள். மறு மாதம் ஒரு கண் மங்கியது. புதுச்சேரியில் ஒரு நரம்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மின்கம்பி மேலுள்ள பிளாஸ்டிக் அங்கங்கே உரிந்துபோவதுபோல அவளுடைய நரம்புகளின் மேலுறை உரிகிறது என்றார். முழுதாகக் குணமாகாது, மருந்தால் தள்ளிப்போடலாம் என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

“ஒடம்பு சூடாகாம பாத்துக்கங்க. சூடானா கால் தளரும், ஆறினா திரும்பிடும். நோய் ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு பயப்பட வேணாம். ஆனா அடிக்கடி அப்படி ஆகவிடாதீங்க.”

வெயிலைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நீண்ட விடுப்பு எடுத்து அவள் மலையிலிருந்து கீழே என்னிடம் வந்தாள். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டேன். சிறிய ஏசி ஒன்று மாட்டினேன். பிற்பகலில் தெருவுக்கே மின்னழுத்தம் குறைந்துவிடும். அப்போது ஏசி வெறும் காற்றைத்தான் தள்ளும். அதுவாவது வருகிறதே என்று இருந்தேன்.

ஒருநாள் பழைய மருந்துச் சீட்டு ஒன்றைத் தேடி அவளுடைய பையைத் திறந்தபோது கோடு போட்ட நோட்டு ஒன்று அகப்பட்டது. சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் குறித்துவைத்த கை அவளுடையது. அந்தப் பழக்கத்தில் எங்கள் அறையின் வெப்பநிலையையும் குறித்து வந்திருக்கிறாள். பக்கத்தில் என் கணினி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும், தான் எதுவரை நடந்தாள் என்பதும் இருந்தன.

‘காலை. 30. மெஷின் இல்லை. சமையலறை வரை, பிடிக்காமல்.’

‘மதியம். 35. மெஷின் நாலு மணி நேரம். பாத்ரூம் வரை, சுவர் பிடித்து.’

‘மதியம். 37. மெஷின். எழவில்லை.’

நடுவில் ஒரு பக்கத்தில், ‘விழுந்தேன். முழங்கை. கட்டில் இடித்தது என்று சொன்னேன்’ என்றிருந்தது. அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. சங்கராபுரத்தில் ஒரு பொறியாளருக்குப் படம் காட்டப் போயிருந்தேன். கணினியை ஓடவிட்டுவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து அவளுடைய முழங்கைக்கு நானே மருந்து தடவினேன். பார்த்து எழக்கூடாதா என்று கடிந்துகொள்ளவும் செய்தேன்.

நோட்டோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“சொன்னா வேலைய நிறுத்திடுவீங்க. சாயங்காலம் ஆனா கால் வந்துடுது. அதான் உட்டுட்டேன்.”

மறுநாளே கணினியைச் சமையலறைக்கு மாற்றினேன். அடுப்புச் சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. மூன்றாம் நாள் பாதிப் படத்தில் தானே அணைந்துபோனது. அதன் பிறகு வேலையை நிறுத்தினேன். ஒரு வாரம் எந்தப் படமும் செய்யவில்லை. காலையில் அவளை எழுப்பி, நடக்கவைத்து, சோறு போட்டு, மீதி நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் அவளுக்குக் கோபம் வந்தது. எங்கள் வாழ்க்கையில் அவள் குரல் உயர்த்திப் பேசிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“என் காலையே பாத்துக்கினு ஒக்காந்திருந்தா அது வந்துடுமா? இத்தினி நாளா கால்தான் போச்சு. நீங்க இப்படி இருந்தா நான் நெஜமாவே நோயாளி ஆயிடுவேன். சூட்டத் தூக்கி வெளிய போடுங்க. வேலைய ஏன் போடுறீங்க?”

கொஞ்ச நேரம் கழித்து, கோபம் தணிந்த குரலில், சித்திரை வைகாசி இரண்டு மாதமும் மலையில் அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டாள். என் மெஷின் வந்தால்தான் தானும் வருவதாகச் சொன்னாள். தனக்காக நான் பிழைப்பை விட்டு வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்படித்தான் அந்தப் பெட்டியை வடிவமைக்கத் தொடங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிற அளவில் இருக்க வேண்டும். அதற்குள் இரண்டு பெரிய விசிறிகளுக்கு இடம் கிடையாது. எனவே இரண்டு சில்லுகளுக்கும் சேர்த்து ஒரே தண்ணீர். ஒரு சின்ன பம்ப் தண்ணீரைத் தள்ளும். அது முதலில் பிராசசர் மேலிருக்கும் செம்புக் கட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து கிராபிக்ஸ் கார்டின் கட்டிக்குள் புகுந்து, இரண்டின் சூட்டையும் ஏந்திக்கொண்டு குழாய் வழியாக ஜன்னலைத் தாண்டி வெளியே போகும். வெளியே, ஜன்னல் கம்பிக்கு அப்பால் ஒரு ரேடியேட்டர், அதன் முதுகில் சத்தமில்லாமல் சுற்றும் ஒரு விசிறி. சூட்டை அங்கே விட்டுவிட்டுத் தண்ணீர் திரும்பி வரும். பயணத்தின்போது கழற்ற வசதியாக, கழற்றியதும் தானே வாய் மூடிக்கொள்ளும் இணைப்புகள்.

பிராசசரில் சூடான தண்ணீர்தானே அடுத்த சில்லுக்குப் போகிறது, அது வெந்துவிடாதா என்று முதலில் கவலைப்பட்டேன். எது முதலில், எது அடுத்து என்று தாளில் பலமுறை மாற்றி மாற்றி வரைந்தேன். பிறகு ஒரு வாளித் தண்ணீரையும் இரண்டு வெப்பமானிகளையும் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. தண்ணீர் வேகமாகச் சுற்றிக்கொண்டிருப்பதால் இரண்டு இடத்துக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம். வரிசை முக்கியமில்லை. இரண்டின் சூட்டையும் சேர்த்துத் தாங்கும் அளவுக்கு ரேடியேட்டர் பெரிதாக இருப்பதுதான் முக்கியம்.

அந்த ரேடியேட்டரில்தான் தவறு செய்தேன். அவசரத்தில், ஒரு மோட்டார் சைக்கிளின் அலுமினிய ரேடியேட்டரை வாங்கி மாட்டினேன். கணினிக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, இணைப்புகளுக்குக் கீழே காகிதம் விரித்துச் சொட்டுகிறதா என்று பார்த்தேன். காகிதம் நனையவில்லை. கணினியை இயக்கினேன். அன்று பிற்பகல் அறை முப்பத்திரண்டைத் தாண்டவில்லை. அவள் எழுந்து சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். ஒரு கையில் ஒரு டம்ளர், மறு கையில் இன்னொன்று. சுவரைப் பிடிக்கக் கை இல்லை. டீயைக் குடித்தோம்.

ஆறு வாரம் ஆனதும் தண்ணீர் கலங்கியது. சில்லுகளின் சூடு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒருநாள் வேலை நடுவில் கணினி நின்றேபோனது. பிரித்துப் பார்த்தால் செம்புக் கட்டிக்குள் தண்ணீர் ஓடும் நுண்ணிய பள்ளங்களில் வெள்ளையாக ஏதோ படிந்து அடைத்திருந்தது. ரேடியேட்டரையும் செம்புக் கட்டியையும் தூக்கிக்கொண்டு, லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் ரேடியேட்டர் வேலை செய்பவர் ஒருவரின் பட்டறைக்குப் போனேன். அவர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அலுமினியத்தயும் செம்பயும் ஒரே தண்ணியில போட்டா ஒண்ண ஒண்ணு தின்னுடும் சார். செம்புன்னா எல்லாமே செம்பா இருக்கணும்.”

பெட்டி எதற்கு என்று கேட்டார். வீட்டில் ஒருவருக்குச் சூடு ஆகாது என்று மட்டும் சொன்னேன். அவர் பட்டறையின் பின்பக்கம் போய், பழைய ஜீப் ஒன்றிலிருந்து கழற்றிப்போட்ட ஹீட்டர் ரேடியேட்டரைத் தேடி எடுத்து வந்தார். முழுக்கச் செம்பும், செம்போடு ஒத்துப்போகும் பித்தளையும். குளிர் தேசத்தில் வண்டிக்குள் சூடு கொடுக்க வைப்பது. இந்த ஊரில் யார் அதைத் திறந்திருக்கப்போகிறார்கள், உள்ளே ஒரு துளி அழுக்கு இருக்காது என்றார். அதன் இரண்டு வாய்களையும் என் குழாய் அளவுக்குச் சிறிதாக்கிப் பற்றவைத்துக் கொடுத்தார். அந்த ரேடியேட்டர்தான் இன்றும் எங்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது.

செம்புக் கட்டிகளை வினிகரில் ஊறவைத்துக் கழுவி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். மலையில் மின்சாரம் பலவீனம் என்பதால் கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கு ஓர் எல்லை வைத்தேன். படம் முடியக் கொஞ்சம் தாமதமானது. ஆனால் சூடு வெகுவாகக் குறைந்துவிட்டது. திரையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். இதை முதல் நாளே செய்திருக்கலாம். அவள் முழங்கையில் அடிபடுவதற்கு முன்பே செய்திருக்கலாம். வேகமாக முடித்துக்கொடுக்கிறவன் என்று பேரெடுக்கும் ஆசையில் அந்த எண்ணின் பக்கமே நான் போனதில்லை.

சித்திரையில் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். பெட்டி என் மடியில், ரேடியேட்டர் காலடியில். வளைவுகளில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மலைக்காற்று ஜன்னலில் அடிக்கத் தொடங்கியதும் பிடியை விட்டாள். அவள் அக்கா வீட்டில் எங்களுக்கு ஓர் அறை ஒழித்துவைத்திருந்தார்கள். ரேடியேட்டரை வெளியே ஓட்டுச் சரிவின் கீழ் வைத்தேன். இதென்ன என்று அக்கா கேட்டார். கணினியின் சூட்டை வெளியேற்ற என்றேன். அவர் அதன் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, “இது சொம்மாதான வெளிய போவுது தம்பி” என்று அதன் எதிரில் ஈரத்துணிகளைக் காயப்போட்டார். மழை பிடித்த நாட்களில் எங்கள் உடுப்புகள் அப்படித்தான் உலர்ந்தன.

அந்த இரண்டு மாதமும் அவள் நடந்தாள். பழைய சுகாதார நிலையம் வரை தடி ஊன்றிப் போய், புதிதாக வந்திருந்த செவிலியரோடு பேசிவிட்டு வந்தாள். வழியில் பெண்கள் அவளை நிறுத்தி, தாங்கள் பெற்று அவள் ஊசி போட்ட பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நோயைப் பிடித்துக் கட்டிவிட்டோம் என்று நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

ஐப்பசி மழையில், கள்ளக்குறிச்சி குளிர்ந்து கிடந்த ஒரு காலையில், அவளால் எழ முடியவில்லை. அறையில் சூடு இல்லை. கணினி இரண்டு நாளாக ஓடவும் இல்லை. ஆறினால் திரும்பிவிடும் என்று சொல்ல அங்கே ஆறுவதற்கு ஒன்றுமில்லை. புதுச்சேரியில் ஐந்து நாள் ஊசி போட்டார்கள். இடது கால் திரும்பியது. வலது கால் திரும்பவில்லை. நோய் தன் வழியில் போகிறது, நீங்கள் ஒன்றும் தவறாகச் செய்துவிடவில்லை என்று மருத்துவர் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. என் தவறு என்றால் திருத்திவிடலாமே என்றுதான் தோன்றியது.

சக்கர நாற்காலியோடு வீடு திரும்பினோம். நான் மறுபடி வேலைக்கு உட்கார்ந்தேன். சில நாள் கழித்து அவள் சொன்னாள்.

“முன்ன விசிறி சத்தத்துல நீங்க வேல செய்றது தெரியும். இப்ப சத்தமே இல்ல. வேல செய்றீங்களா, சொம்மா ஒக்காந்து என்னப் பத்தி யோசிச்சிக்கினு இருக்கீங்களான்னே தெரியலங்க.”

அன்றிலிருந்து செய்வதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். இப்போது படி ஏற்றுகிறேன், இப்போது சமையலறைக்கு டைல்ஸ் போடுகிறேன், இப்போது கூடத்துக்கு ஜன்னல் வைக்கிறேன் என்று. ஒருநாள் அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேசை அருகே வந்து திரையைப் பார்த்தாள்.

“ஜன்னல் ஒசரமா இருக்குது. ஒக்காந்திருக்கறவங்களுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது.”

ஜன்னலின் கீழ்விளிம்பை இறக்கினேன். போதுமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் என்றாள். இறக்கினேன். அந்தப் படத்தைப் பொறியாளர் ஏற்கவில்லை; பழைய உயரத்துக்கே மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வீட்டிலும் இறக்கி வைத்தேன். அதையும் மாற்றச் சொன்னார். மூன்றாவது வீடு சங்கராபுரம் சாலையில் ஒரு வயதான தம்பதியுடையது. அவர்கள் மாற்றச் சொல்லவில்லை. போன வாரம் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். சுவர் எழும்பி ஜன்னல் சட்டம் வைத்துவிட்டார்கள். தாழ்வாகத்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். எவ்வளவு தாழ்வு என்று கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் தோளுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினேன்.